பன்னிரண்டாம் எண்ணின் வருகை

ஜனவரி 3, புதன்

பெயர்: முத்துப்பேச்சி. வகுப்பு: பி.ஏ. பொருளியல், மூன்றாம் ஆண்டு, கடைசி செமஸ்டர். டைரியின் முதல் பக்கத்தில் இரத்த வகைக்கும் ஒரு கட்டம் இருக்கிறது. தெரியாது. காலியாக விட்டுவிட்டேன்.

இதை எழுதச் சொன்னவர் முதுகலை நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்பின் சார். “நேரமே இல்லன்னு எல்லாரும் சொல்லுதிய. எங்க போவுதுன்னு எழுதிப் பாருங்க, தெரியும்” என்றார். எல்லோரும் தலையாட்டினோம். எழுதுவதற்கும் நேரம் வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை.

போகிற இடங்கள்: விடிந்ததும் வண்ணாரப்பேட்டையில் பயிற்சி வகுப்பு. அங்கிருந்து பஸ் பிடித்துப் பாளையங்கோட்டைக் கல்லூரி. சாயங்காலம் பேட்டையில் எங்கள் வீட்டில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். அது முடிந்ததும் அம்மை சுற்றிவைத்த பீடிகளுக்குத் தலை மடக்க வேண்டும். மடக்கிக்கொண்டே படிக்கலாம் என்று அம்மை நினைக்கிறாள். புத்தகத்தைப் புகையிலை கொட்டிவைத்த சொளவு முறத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தால் பக்கம் புரட்டும்போதெல்லாம் புகையிலைத் தூள் ஒட்டுகிறது. இவை தவிர, துறை மன்றச் செயலாளர் என்கிற பதவி. பிப்ரவரியில் கருத்தரங்கு.

வண்ணங்கள் போட்டு அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அதில் தூக்கம் நீலம். நீலம் குறைவாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 4, வியாழன்

ஒன்றை எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு சரியாக வராது.

பயிற்சி வகுப்பு முடிந்து நான் கல்லூரிக்குள் நுழையும்போது முதல் மணி, எங்கள் பேச்சில் ‘ஃபர்ஸ்ட் அவர்’, பாதி போயிருக்கும். எழுபத்தைந்து விழுக்காடு வருகை இல்லாதவர்களைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஆனால் என் வருகை நன்றாகவே இருக்கிறது. காரணம் பெனிட்டா.

அவள் கடற்கரை ஊரிலிருந்து வருகிறாள். ஊருக்கு நேராகப் போகிற பஸ் கடைசி மணி தொடங்குமுன் கிளம்பிவிடும். அதை விட்டால் இரண்டு பஸ் மாறி, இருட்டிய பிறகுதான் வீடு. ஆகவே முதல் மணியில் எனக்காக அவள் ‘பிரசன்ட் மேம்’ சொல்கிறாள். கடைசி மணியில் அவளுக்காக நான். வகுப்பில் அறுபது பேருக்கு மேல். மேம்கள் பெயர் கூப்பிடுவதில்லை, எண்தான். நான் முப்பத்தொன்று. அவள் பன்னிரண்டு. பதிவேட்டில் வைத்த கண்ணை எடுக்கமாட்டார்கள்.

பயிற்சி வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இப்படித்தான். நான் அவளுக்கு ஒரு மணி தருகிறேன், அவள் எனக்கு ஒரு மணி தருகிறாள். பொருளியல் பாடத்தில் இதைப் பண்டமாற்று என்பார்கள். இருவருக்கும் லாபம்.

ஜனவரி 9, செவ்வாய்

மதியம் மரத்தடியில் சாப்பிட்டோம். நான் மன்றத்தின் அழைப்பிதழைத் திருத்திக்கொண்டே சாப்பிட்டேன்.

“ஏட்டி பேச்சி, ஒன் கொரல்ல ‘பிரசன்ட் மேம்’ சொல்லிச் சொல்லி எனக்கு மூக்கே அடைச்சுப்போச்சு” என்றாள் பெனிட்டா.

“என் கொரலு அப்பிடியா இருக்கு?”

“பின்ன? சளி புடிச்ச பொறா மாரி.”

எங்களோடு சாப்பிட்ட வகுப்புத் தோழி ரிஸ்வானாவுக்குப் புரையேறிவிட்டது. “அப்பம் பேச்சி ஒனக்குப் போடுததைக் கேட்டிருக்கியா?” என்றாள்.

“அதை ஏன் கேக்க. நடுக்கடல்ல வள்ளத்துல இருந்து கூப்பிடுத மாரி கத்துவாளாம். கடக்கரைப் பிள்ளைன்னா கத்தணும்னு இவளுக்கு நெனப்பு.”

நானும் சிரித்தேன். ரிஸ்வானா கை கழுவப் போனதும் பெனிட்டா தன் டப்பாவை மூடினாள். பாதிகூடச் சாப்பிடவில்லை. அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு, “ஒங்கிட்டக் கொஞ்சம் பேசணும்” என்றாள்.

“பேசு.”

“இங்கன வேண்டாம். தனியா.”

போனில் எடுத்துவைத்த அட்டவணைப் படத்தைப் பார்த்தேன். “ஞாயித்துக்கெழம? சாயங்காலம் போன்ல?”

“அப்பாயின்ட்மென்ட்டா குடுக்க? சரி டாக்டரம்மா. ஞாயித்துக்கெழம.”

அழைப்பிதழில் ஒற்றுப்பிழை மூன்று. மதிய இடைவேளை முழுவதும் அதற்கே போனது.

ஜனவரி 14, ஞாயிறு

பெனிட்டா இருமுறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அவளுக்குச் சுருக்கமாகப் பேசத் தெரியாது. நாளை பொங்கல், வீடு கழுவ வேண்டும். மாதிரித் தேர்வுத் தாள் ஒன்று அப்படியே கிடக்கிறது.

பொங்கல் கழிந்து பேசலாம்.

ஜனவரி 22, திங்கள்

காலையில் செய்தி: “ரெண்டு நாள் வரமாட்டேன். கடைசி அவர் மட்டும் போட்டுரு. ஃபர்ஸ்ட் அவருக்கு நீயே ஓடியா.”

ஓடினேன். பிடிக்க முடியவில்லை. முப்பத்தொன்று இன்று முதல் மணியில் இல்லை. இந்தக் கல்லூரியில் என் பெயருக்கு நேராக முதல் மணியில் விழுந்த முதல் ‘ஆப்சென்ட்’.

கடைசி மணியில் பன்னிரண்டு இருந்தது.

ஜனவரி 25, வியாழன்

இரண்டு நாள் என்றாள். இது நான்காவது நாள். முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நான் வேறு ஏற்பாடு செய்திருப்பேன். ரிஸ்வானாவைக் கேட்டேன். “எனக்குக் கொரல் மாத்த வராதுப்பா. மாட்டுனா எங்க வாப்பா கொன்னுருவாவ” என்றாள்.

பஸ்ஸில் இருக்கும்போது பெனிட்டாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நான்கு நிமிடத்துக்கும் மேல். யாராவது நான்கு நிமிடம் பேசி அனுப்புவார்களா? இயர்போன் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. பஸ் நெரிசல். பிறகு கேட்கலாம்.

கடைசி மணி: போட்டேன்.

ஜனவரி 30, செவ்வாய்

போட்டேன்.

நான் சொல்லும் ‘பிரசன்ட் மேம்’ இப்போது அவளுடையதைவிட அவளுடையதாக இருக்கிறது. முகத்தைக் கீழே கவிழ்த்து, கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்து. கடைசி மணி எடுக்கும் உமையாள் மேம் நிமிரவே இல்லை.

“ஒன் சேக்காளி எங்கட்டி?” என்றாள் ரிஸ்வானா.

“சொந்தக்காரங்க கல்யாணம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் ஏன் தெரியாது என்று கேட்பாள். கல்யாணம் என்றால் பேச்சு அதோடு முடியும்.

பிப்ரவரி 1, வியாழன்

இன்றும். அவள் கேட்காமலே போடுகிறேன். கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றால் அது என்ன நட்பு.

பிப்ரவரி 6, செவ்வாய்

கருத்தரங்கு முடிந்தது. நன்றியுரை நான். துறைத் தலைவர் சற்குணம் மேம் மேடையிலேயே என் தோளைத் தட்டினார். “இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் குடுத்திருக்கான் ஆண்டவன்னு தெரியல” என்று ஒலிபெருக்கியில் சொன்னார். கைதட்டல்.

பேச வந்தவரின் தலைப்பு வாய்ப்புச் செலவு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடுகிறோமே இன்னொன்று, அதுதான் நாம் எடுத்ததன் உண்மையான விலை என்றார். நல்ல பேச்சு. நான் மாலைக்கும் பொன்னாடைக்கும் ஓடிக்கொண்டிருந்ததால் பாதிதான் கேட்டேன்.

கடைசி மணி நடக்கவில்லை. யாருக்கும் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை. நிம்மதி.

பிப்ரவரி 12, திங்கள்

பெனிட்டா வந்துவிட்டாள்.

படியேறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கன்னம் உள்ளே போய்விட்டது. சுடிதார் தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. “கல்யாண வீட்டுல சோறே போடலையாட்டி?” என்றாள் ரிஸ்வானா. பெனிட்டா என்னைப் பார்த்தாள். “பந்தி முந்திப் போச்சு” என்றாள்.

மதியம் தனியாக இருந்தபோது கேட்டேன். “என்னாச்சு?”

“மெசேஜ்ல சொன்னேன்லா?”

“ஆமா, கேட்டேன். சரியா வெளங்கல. பஸ்ஸுல இருந்தேன்.”

அவள் சிரித்தாள். “பேச்சி, கேட்டா மைக் நீலமாவும். எனக்கு இன்னிக்கு வரைக்கும் நீலமாவல.”

பிறகு அவளே சொன்னாள். சினைப்பையில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து அறுத்து எடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் படுக்கை. கல்யாணம் ஆகாத பிள்ளைக்குப் பிரசவ வார்டில் என்ன வேலை என்று ஊரில் பேசுவார்கள் என்பதால் வீட்டில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மஞ்சள் காமாலை என்று சொல்லியிருக்கிறார்கள்.

“ஒங்கிட்ட மட்டுந்தான் சொல்லலாம்னு அம்மாகிட்ட அனுமதி வாங்குனேன்” என்றாள்.

என் பஸ் தினமும் அந்த ஆஸ்பத்திரி வழியாகத்தான் போகிறது. வாசலில் நிற்கும். ஆட்கள் இறங்குவார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். இரட்டை வேகத்தில் வைத்துத்தான் கேட்டேன். எல்லாவற்றையும் அப்படித்தான் கேட்கிறேன், பாடங்களையும்.

அவள் குரல் பொம்மையின் குரல் போல ஓடியது. நாளைக்கு ஆபரேஷன் என்றாள். பயமாக இருக்கிறது என்பதை மூன்று விதமாகச் சொன்னாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் குறட்டை விடுவதை விட்டுக் காட்டினாள். கடைசியில்: “முக்கியமா ஒண்ணு. இனிமே எனக்குக் கடைசி அவர் போடாத. மெடிக்கல் சர்ட்டிபிகேட் குடுத்து லீவை மன்னிக்கச் சொல்லி அனுமதி வாங்கிருவேன். நீ போட்டுட்டு இருந்தா நான் ஆஸ்பத்திரில இருந்தேன்னே நம்பமாட்டாவ. போடாத, என்ன? சரி, வைக்கேன். நீ ஒழுங்கா சாப்பிடு, சளிப் பொறா.”

அதை அவள் அனுப்பியது ஜனவரி 25. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டேன் என்று இந்த டைரியைப் புரட்டினால் தெரியும். புரட்டவில்லை.

பதிவேட்டை யாரும் அவ்வளவு உற்றுப் பார்க்கமாட்டார்கள்.

பிப்ரவரி 20, செவ்வாய்

பார்த்திருக்கிறார்கள்.

பெனிட்டா துறைத் தலைவரிடம் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தாள். சற்குணம் மேம் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாராம்: “ஆஸ்பத்திரில படுத்திருந்தவ கடைசி அவருக்கு மட்டும் எந்திச்சு வந்தியோ? சர்ட்டிபிகேட் பொய்யா, அட்டெண்டன்ஸ் பொய்யா? ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா.”

சான்றிதழ் மெய் என்றாள். அப்படியானால் யார் போட்டது? அவள் பெயர் சொல்லவில்லை.

“தையலைக் காட்டட்டுமான்னு கேட்டேன் பேச்சி. மேம் மொகத்தைத் திருப்பிக்கிட்டாவ.”

“அவங்களுக்கு என்ன வேணுமாம்?”

“யாரு போட்டான்னு எழுதிக் குடுத்தா, என் சர்ட்டிபிகேட்டை மேல அனுப்புவாங்களாம். இல்லன்னா பிரின்சிபால் கேள்வி கேப்பாவளாம். வாற திங்கக்கெழம பரீட்ச எழுத முடியாதவிய லிஸ்ட்டு போவுது.”

வராண்டா தூணில் சாய்ந்து நின்றாள். வெயிலில் வியர்த்திருந்தது.

“நீ சொல்லிர வேண்டியதுதான” என்றேன்.

“நான் சொன்னா ஒன் ஃபர்ஸ்ட் அவரையும் நோண்டுவாவ. யாரு யாருக்குப் போட்டான்னு கேட்டா எல்லாம் வரும். இந்த மூணு வாரம் போனதுல ஒனக்கு இப்பமே கணக்கு எழுபத்தஞ்சு நுனியிலதான் நிக்கி.” துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்துவிட்டு, “நான் சொல்லமாட்டேன்” என்றாள். “நீயாப் போயி சொன்னா வேற. மேம் ஒன்னைய ஒண்ணும் செய்யமாட்டாவ. ஒம்மேல அவியளுக்குப் பிரியம்.”

“சொல்லுதேன்” என்றேன்.

“சொல்லுவியா?”

“சொல்லுதேன்ட்டி.”

அவள் சொல்வது சரி. என் முதல் மணி வருகை முழுவதும் அவள் குரல். அதை எடுத்துவிட்டால் எழுபத்தைந்துக்குக் கீழே போவேன். பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் நுழைவுத் தேர்வு எழுதியும் பயனில்லை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளே போட்ட கணக்கு.

பிப்ரவரி 21, புதன்

இன்று உள்மதிப்பீட்டுத் தேர்வு. முடியவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

மதியம் மேம் அறைக்குப் போனேன். போன் வந்துகொண்டே இருந்தது. மேமுக்கு நேரம் இல்லை. நாளை.

பிப்ரவரி 23, வெள்ளி

சற்குணம் மேம் தேர்வுப் பணிக்காக வெளியே போய்விட்டார்.

பெனிட்டா செய்தி அனுப்பினாள்: “?”

“திங்கள் காலை முதல் வேலை” என்று பதில் போட்டேன். அட்டவணையிலும் சிவப்பில் எழுதினேன். சிவப்பு என்றால் தள்ளிவைக்க முடியாதது.

பிப்ரவரி 25, ஞாயிறு

அம்மை இரண்டு நாளாகச் சாயங்காலத்தில் என்னைப் பீடி பக்கம் கூப்பிடவில்லை. தானே மடக்கிக்கொள்கிறாள். “ஒம்மொகம் சரியில்ல. படி, போ” என்றாள். எனக்கு நேரம் கிடைத்தது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கமும் நகரவில்லை.

நேரம் இல்லாததால்தான் படிக்க முடியவில்லை என்று இவ்வளவு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 26, திங்கள்

பயிற்சி வகுப்பில் இன்று முழு மாதிரித் தேர்வு. விடக்கூடாது என்று சார் சொல்லியிருந்தார். கல்லூரிக்கு வரும்போது மதியம். பட்டியல் போய்விட்டது.

மாதிரித் தேர்வில் இரண்டாவது இடம்.

மார்ச் 4, திங்கள்

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். பரீட்சை எழுதத் தகுதியில்லாதவர்கள்: எண் மட்டும். பன்னிரண்டு.

முப்பத்தொன்று இல்லை. இரண்டு முறை பார்த்தேன்.

ரிஸ்வானா பக்கத்தில் வந்து நின்றாள். பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இன்று என்னோடு சாப்பிடவில்லை. பெனிட்டா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நான் போட்டுக்கொண்டிருந்தது இவளுக்கு எப்படித் தெரியும்? கடைசி மணியில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால்தான் உட்காருகிறாள். தெரியாமல் எப்படி இருக்கும்?

மார்ச் 6, புதன்

பெனிட்டா வீட்டிலிருந்து போன் செய்தாள். எடுத்தேன்.

“லிஸ்ட்டைப் பாத்தேன்” என்றாள். “ரிஸ்வானா போட்டோ அனுப்புனா.”

“பெனி, நான் போனேன். மேமுக்கு நேரமே...”

“தெரியும். மேம்கிட்ட நானே நேத்து போன் போட்டேன். அவிய சொன்னாவ. வியாழக்கெழம வந்து ரொம்ப நேரம் உக்காந்திருந்தியாமே. காபி குடிச்சியாமே.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“ஏதாச்சும் சொல்லணுமாம்மான்னு கேட்டாவளாம். ரெண்டு தடவ. நீ இல்ல மேம்னியாம்.”

பஸ் ஹாரன் அடித்தது. என் பக்கமா அவள் பக்கமா என்று தெரியவில்லை.

“திட்டுவன்னு பாத்தேன்” என்றேன்.

“திட்டுததுக்குத்தான் போட்டேன்” என்றாள். “ஆனா அழுவையா வருது. வைக்கேன்.”

பிப்ரவரி 22 அன்று நான் எழுதியது சரியல்ல. இங்கே எழுதிவிடுகிறேன்.

போன் ஒரு முறைதான் வந்தது. மேம் அதையும் பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார். அறையில் நாங்கள் இருவர் மட்டும். காபி வரவழைத்தார். இந்த ஆண்டின் சிறந்த மாணவிப் பதக்கத்துக்கு என் பெயரை எழுதியிருப்பதாகச் சொன்னார். பிறகு மேசை மேல் இருந்த பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, “நீயும் அந்தப் பெனிட்டாவும் ஒண்ணாத்தான் இருப்பீங்க. ஏதாச்சும் சொல்லணுமாம்மா?” என்றார். இல்லை மேம் என்றேன். காபியை ஆற்றினேன். அவர் காத்திருந்தார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அவர் பதிவேட்டை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். அவர் முகத்தில் தெரிந்தது கோபம் இல்லை, ஒரு வேலை குறைந்தது போன்ற ஆறுதல். நான் நடந்ததைச் சொல்லியிருந்தால் அவருக்கும் விசாரணை, விளக்கம், உமையாள் மேமுக்கு ஓலை. அவருக்கும் நேரம் இல்லை.

அதன் பிறகும் நான் உடனே எழுந்திருக்கவில்லை. காபி தீரும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறி ஓடியது. வெகுநாளுக்குப் பிறகு எதற்கும் ஓடாமல் உட்கார்ந்திருந்த நேரம் அதுதான்.

மார்ச் 11, திங்கள்

செமஸ்டர் பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்தது. புகைப்படத்தில் கண்ணை மூடியிருக்கிறேன். மாற்ற முடியாதாம்.

மார்ச் 15, வெள்ளி

நுழைவுத் தேர்வு எழுதினேன். எல்லாக் கேள்விகளையும் தொட்டேன். நேரம் மீதமிருந்தது.

மார்ச் 20, புதன்

அலுவலகத்துக்கு ஹால் டிக்கெட்டில் முத்திரை வைக்கப் போனேன். கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் பெனிட்டாவும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்திருக்கிறார்கள்.

அவள் அம்மாவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“நீதான பேச்சி?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சொரசொரவென்று இருந்தது. “இவ எப்பமும் ஒம்பேச்சுதான். அறுத்துப் போட்டுக் கெடக்கையிலயும், பேச்சி காலேஜுல எல்லாம் பாத்துக்கிடுவாம்மா, நீ பயப்படாதன்னுதான் சொல்லுவா.”

பெனிட்டா தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த கிளார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த வருசம் மறுபடி வந்து எழுதலாம்லா?” என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று தெரியவில்லை.

“எங்க எழுத, தாயி. பொய் சர்ட்டிபிகேட்டுன்னு ஒரு பேரு வந்துட்டுன்னு இவ அப்பாவுக்கு ரோசம். ஒடம்பைத் தேத்துனாப் போதும், படிச்சுக் கிழிச்சது போதும்னுட்டாவ. வாழையடி ஊர்ல ஒரு மாப்பிள்ளை எடம் வருது. ஒடம்புக்கு வந்ததைச் சொல்லாமத்தான் பேசுதோம்.” குரலைத் தாழ்த்தினார். “நீயும் யார்ட்டயும் சொல்லிராத தாயி.”

“சொல்லமாட்டா” என்றாள் பெனிட்டா. “அவ யார்ட்டயும் எதுவும் சொல்லமாட்டா.”

அவள் அம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு என் கன்னத்தைத் தடவினார்.

கிளார்க் சான்றிதழை நீட்டினார். பெனிட்டா கையெழுத்துப் போட்டாள். குனிந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னிடம், “பஸ்ஸுக்கு நேரமாச்சுலா ஒனக்கு” என்றாள். கேள்வியில்லை. அவள் சிரித்திருந்தால் பழைய பெனிட்டா. சிரிக்கவில்லை.

“ஆமா” என்றேன். உண்மையில் எனக்கு இன்று எந்தப் பஸ்ஸும் இல்லை. பயிற்சி வகுப்பு முடிந்துவிட்டது. டியூஷன் பிள்ளைகளுக்கு லீவு.

அவள் அம்மா பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். நெத்திலிக் கருவாடு. “ஒனக்குன்னே கொண்டாந்தேன். வீட்டு வாசல்ல காயப் போட்டது, மண்ணு கெடையாது. பாக்கலன்னா எப்படிக் குடுக்கன்னு நெனச்சேன், ஆண்டவரு காட்டிட்டாரு.”

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். பெனிட்டா, “வாங்கிக்கோ” என்றாள். வாங்கிக்கொண்டேன்.

அவர்கள் கேட்டைத் தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். பெனிட்டா மெல்ல நடந்தாள். அவள் அம்மா இரண்டடி முன்னால் போய் நிற்பார், பின் அவள் வந்து சேர்வாள். பிறகு நான் முத்திரை வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மை பொட்டலத்தைப் பிரித்ததும் வீடெல்லாம் கடல் வாசனை.

“யாரு குடுத்தா?”

“கூடப் படிக்கிற பிள்ளையோட அம்மா.”

“நல்ல கருவாடால்லா இருக்கு. எதுக்குக் குடுத்தாவ?”

“சும்மாதான்.”

அம்மை சொளவை ஒதுக்கி வைத்துவிட்டு, சின்ன உள்ளியும் மிளகாயும் போட்டு மொறுமொறுவென்று வறுத்தாள். எனக்கு நல்ல பசி. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

உப்பு அளவாக இருந்தது. மண் இல்லை. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கச் சொன்னேன்.